கச்சான் காலத்தில் ஆடு தந்து மாரியில் பால் கணக்குக் கேட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாணத்தில் வாழ்வாதார உதவியாக ஆடு வழங்கும் திட்டங்களை வகுப்பவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்பமிடுபவர்களுக்கும், மேற்பார்வை அறிக்கை எழுதுபவர்களுக்கும்:

பங்குனி மாதம் எங்கள் ஊர்ப் பெண்கள் சிலருக்கு உங்கள் தரப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடந்த ஆண்டு வழங்கிய கறவை ஆடுகள் எதிர்பார்த்த அளவு பால் தரவில்லை என்றும், அதற்குக் காரணம் "பயனாளிகளின் பராமரிப்புக் குறைபாடு" என்றும், ஆகவே அடுத்த கட்ட உதவிப் பட்டியலிலிருந்து அவர்களின் பெயர்கள் நீக்கப்படுகின்றன என்றும் அதில் எழுதியிருந்தது. ஒப்பந்தப்படி திருப்பித் தரவேண்டிய மறிக்குட்டியை, அதாவது பெட்டைக்குட்டியை, குறித்த திகதிக்குள் ஒப்படைக்க வேண்டுமாம். ஆடு செத்திருந்தால் அதன் பெறுமதியைக் கட்ட வேண்டுமாம்.

எனக்கு அந்தத் திட்டத்தில் ஆடு கிடைக்கவில்லை; நான் விண்ணப்பிக்கவும் இல்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்து, ஆட்டுப் பட்டியோடு வளர்ந்து, இன்றும் சொந்த ஆட்டின் பாலில் தேநீர் வைக்கிறவள். எங்கள் மாதர் சங்கத்தில் அந்தக் கடிதத்தை உரக்க வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வாசித்துக் கொண்டிருக்கும்போதே ஓர் அக்கா எழுந்து போய்விட்டார். போரிலும் சுனாமியிலும் இழந்தவற்றைப் பற்றி எங்கும் வாய் திறக்காத அவர், ஆட்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்ற பழியைத் தாங்க முடியாமல் போனார். அவர் அந்த ஆட்டுக்கு என்ன செய்தார், என்ன செய்ய முடியாமல் இருந்தது என்பதை அயல்வீட்டிலிருந்து பார்த்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆடுகள் வந்தது ஆடி மாதம். கச்சான் அடிக்கும் காலம். மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் இறங்கும்போது அனலாகத்தான் வரும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் சிறுபோக வயல்களைத் தவிர வேறெங்கும் பச்சை இல்லை. லொறி வந்து நின்றது நடுப்பகலில். இறக்கிய ஆடுகள் எல்லாம் வெள்ளை நிறத்துச் சானன் என்ற ஐரோப்பியக் கறவை இனத்தின் கலப்பு; குளிர்ந்த மேட்டு நிலத்துப் பண்ணையில் வளர்ந்தவை என்று கூட வந்தவரே சொன்னார். வாயைத் திறந்து, விலா அடிக்க மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. பெரும்பாலானவை நிறைமாதத்தை நெருங்கிய சினை; அதுவும் தலையீற்று. பெண்கள் வரிசையில் நின்று ஒப்பமிட்டார்கள். ஆளுக்கு இரண்டு ஆடும் கயிறும் ஒரு துண்டுப் பிரசுரமும் கிடைத்தன. நாளுக்கு இரண்டு லீற்றர் பால் என்று அந்தப் பிரசுரத்தில் இருந்தது.

அந்த இரண்டு லீற்றர் அன்று நடுப்பகலிலேயே கைநழுவிப் போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆட்டின் மடி சினையின் கடைசி மூன்றிலொரு பங்குக் காலத்தில்தான் பெரிதும் வளர்கிறது. வயிற்றுக் குட்டியின் எடையில் மிகப் பெரும் பகுதி கூடுவதும், ஏறத்தாழ 150 நாள் சினையின் கடைசி 50 நாட்களில்தான். அந்த நாட்களில் தாய் என்ன தின்றதோ, எவ்வளவு நிழலில் நின்றதோ, அதுவே குட்டியின் எடையாகவும் அடுத்த ஏழெட்டு மாதப் பாலாகவும் வெளிவரும். குட்டி போட்டபின் என்னதான் ஊட்டினாலும் அப்போது வளராத மடியை அந்த ஈற்றில் வளர்த்தெடுக்க முடியாது. நீங்களோ சரியாக அந்த நாட்களில் ஆட்டை லொறியில் ஏற்றி, குளிரிலிருந்து வெக்கைக்குக் கொண்டுவந்து, பழக்கமில்லாத குழைக்கு முன்னால் கட்டிவிட்டீர்கள். வந்த ஆடுகள் பல நாள் சரியாகத் தின்னவில்லை. பிறந்த குட்டிகள் பூனைக்குட்டி அளவில் இருந்தன. எழுந்து காம்பைப் பிடிக்க வலுவில்லாமல் சில செத்தன.

தலையீற்று என்பதையும் மறந்துவிட்டீர்கள். முதல் ஈற்றில் ஆடு தன் முழுப்பாலைத் தராது. மூன்றாம் நான்காம் ஈற்றில்தான் உச்சத்துக்கு வரும். இரட்டைக் குட்டி போட்ட தாய் ஒற்றைக் குட்டித் தாயைவிடக் கூடுதலாகச் சுரக்கும். இதெல்லாம் உங்களிடம் பயிற்சி பெற்ற கள உத்தியோகத்தர்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருக்க, தலையீற்று ஆட்டைக் கொடுத்து, வளர்ந்த பண்ணை ஆட்டின் அளவை எதிர்பார்ப்பது எந்தக் கணக்கு?

வெக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் அறிக்கையில் அந்தச் சொல்லே இல்லை.

ஆட்டின் உடற்சூடு இயல்பாக 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை. ஆடி ஆவணியில் எங்கள் பக்கத்துப் பகல் 33, 34 பாகையைச் சாதாரணமாகத் தொடும். வாவிக்கரைப் பக்கம் போனால் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். உடம்புச் சூட்டை வெளியேற்ற ஆடு மூச்சை விரைவாக்குகிறது. குருதி மடிக்குப் போவதைக் குறைத்துத் தோல் பக்கம் திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடு தின்பதைக் குறைக்கிறது. தின்றதைச் செரிப்பதே உடலுக்குள் சூட்டை உண்டாக்கும் வேலை. காய்ந்த நார்ப்புல்லைச் செரிக்க இன்னும் அதிகச் சூடு உண்டாகும். ஆகவே வெயிலில் நிற்கும் ஆட்டின் முன்னால் வைக்கோலைக் குவித்தாலும் அது தலையைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டுப் "பசி எடுக்காத ஆடு" என்று உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் குறிப்பெழுதினார்.

கொட்டில் கட்ட நீங்கள் தந்தவை தகரங்கள். தகரம்தான் வேண்டும், கிடுகு கூடாது, கிடுகு "நிரந்தரமற்றது" என்று நிபந்தனையும் போட்டீர்கள். நான் சொன்ன அக்காவின் வளவில் அந்தக் கொட்டில் இன்றும் நிற்கிறது. ஆள் குனிந்து போகும் உயரம். பகல் இரண்டு மணிக்கு அதற்குள் கையை உயர்த்தினால், தகரத்தைத் தொடுமுன்பே உள்ளங்கை சுடும். ஆட்டை உள்ளே கட்டினால், கழுத்துக் கயிறு இறுகும்வரை இழுத்து வேம்படி நிழலுக்கு வரப் பார்த்தது. அக்கா ஈரச் சாக்கைத் தகரத்தின் மேல் போட்டார். அது சிறிது நேரத்திலேயே காய்ந்து சுருண்டது. கடைசியில் ஆட்டை வேம்படியில் கட்டினார். மேற்பார்வைக்கு வந்தவர், "கொட்டில் பயன்படுத்தப்படவில்லை" என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் பெரியவர்கள் வெயிற்காலத்தில் ஆட்டைக் காலை வெள்ளனத்தில் அவிழ்த்து, வெயில் ஏறுமுன் நிழலுக்குக் கொண்டுவந்து, பொழுது சாய்ந்தபின் குழை போடுவார்கள். இரவின் குளிர்ச்சியில் அது நிம்மதியாகத் தின்று அசைபோடும். இன்று படுவான்கரையில் அந்த இரண்டு நேரங்களும் யானையின் நேரங்கள். வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் கரடியனாற்றிலும் யானையால் உயிர்ப்பலி நடக்காத ஆண்டு இல்லை. தனியாக வாழும் பெண், விடியுமுன் அல்லது கருக்கலில், கத்தியும் கயிறுமாகப் பற்றைக்குள் போய்க் குழை வெட்டி வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா? வெயில் ஏறியபின்தான் அவர்களால் போக முடிகிறது. அப்போது வெட்டி வரும் குழை வாடியிருக்கும். ஆடும் தின்னும் நிலையில் இருக்காது. இதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. ஆனால் பால் குறைந்ததற்கு முதற்காரணங்களில் இதுவும் ஒன்று.

தண்ணீர் இன்னொன்று. பாலில் 87 வீதம் அளவு தண்ணீர்தான். ஒவ்வொரு லீற்றர் பாலுக்கும் ஆடு தன் வழக்கமான தேவைக்கு மேலாக ஒரு லீற்றருக்கும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். வெக்கையில் இன்னும் அதிகம். ஆவணி புரட்டாதியில் எங்கள் ஊர்க் கிணறுகளில் வாளி அடியில் முட்டும். பவுசர் வந்தால்தான் குடிதண்ணீர். பிள்ளைக்கும் சமையலுக்கும் எடுத்துவைத்தபின் மிஞ்சுவதுதான் ஆட்டுக்கு. அதுவும் பகலெல்லாம் வெயிலில் சூடேறிய நீர் என்றால் ஆடு முகர்ந்துவிட்டு விலகும். தண்ணீர் இல்லாத மாதத்தில் கறவை ஆட்டை இறக்கியது வளர்த்தவரின் குறைபாடா, இறக்கியவரின் குறைபாடா?

தீனியின் கதையும் அப்படித்தான். காய்ந்த புல்லிலும் வைக்கோலிலும் புரதம் மிகக் குறைவு. தீனியில் புரதம் ஏறத்தாழ 7 வீதத்துக்குக் கீழே போனால், ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்கே உணவு போதாது. வயிறு நிறைந்திருக்கும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. இதற்கு மருந்து எங்கள் வேலியிலேயே இருக்கிறது. கிளிசறியா இலையில் புரதம் 20 வீதத்துக்கும் மேல். தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று இந்நாட்டில் அறிவிக்கப்பட்ட மரம் அது. ஐப்பசி மழையோடு வேலிக் கம்பாக, கதியாலாக நட்டால், ஓராண்டில் வெட்டத் தொடங்கலாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும். கச்சான் காலத்திலும் பச்சையாக நிற்கும். இப்பிள் இப்பிள் இலையும் அப்படியே; தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், கூடினால் மயிர் கொட்டும். கிளிசறியாவின் வாடை பிடிக்காத ஆட்டுக்கு இலையைச் சற்று வாடவைத்து, வேறு குழையோடு கலந்து, மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னேற்பாடு வேண்டும். உங்கள் திட்டத்தில் ஆடு முதலில் வந்தது. "தீவனப் பயிர் ஊக்குவிப்பு" என்ற பகுதி அடுத்த ஆண்டுக்குப் போடப்பட்டிருந்தது.

இங்கே ஒரு சான்றைச் சொல்கிறேன். அதே லொறியில் வந்த அதே பண்ணையின் ஆடு ஒன்று எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டில் நல்ல பால் தந்தது. அந்த வளவின் வேலி முழுக்கப் பழைய கிளிசறியாக் கதியால், வற்றாத கிணறு, முற்றத்தில் இரண்டு மாமரங்கள். குடும்பத்தில் நான்கு பேர், குழை வெட்டவும் தண்ணீர் அள்ளவும் கைகள் உண்டு. தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் வாங்கக் கையில் காசும் உண்டு. அந்த வீட்டைப் படம் பிடித்து உங்கள் அறிக்கையில் "முன்மாதிரிப் பயனாளி" என்று போட்டிருக்கிறீர்கள். அவர்கள் நல்ல உழைப்பாளிகள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் படத்தில் நீங்கள் பார்க்கத் தவறியது அவர்களுக்குப் பின்னால் நிற்கும் வேலியை. ஆட்டுக்கு முன்பே அந்த வீட்டில் நிழலும் நீரும் குழையும் இருந்தன. பட்டியலிலிருந்து நீங்கள் நீக்கிய பெண்களில் ஒருவருக்கும் அவை இல்லை. மிகவும் இல்லாதவர்களைத் தேடித் தெரிவு செய்ததும் நீங்கள்தான், அது சரியான தெரிவும்கூட. இல்லாதவர்களுக்கு ஆட்டை மட்டும் கொடுத்தால் ஆடும் இல்லாமைக்குள்தான் வாழும்.

பால் அளந்த விதத்துக்கு வருகிறேன். உங்கள் குழு வந்தது மார்கழிக் கடைசியில். ஆவணியில் குட்டி போட்ட ஆடு அப்போது நான்காம் மாதத்தைத் தாண்டியிருந்தது. ஆடு குட்டி போட்டு நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் உச்சப் பாலைத் தந்துவிட்டுப் பின்னர் இறங்கத் தொடங்கும். இறங்கும் காலத்தில் வந்தீர்கள். அதிலும் காலையில் ஒரே ஒரு வேளை கறந்து பார்த்தீர்கள். முந்திய இரவு குட்டி தாயோடு கிடந்தது. அதைப் பிரித்துக் கட்டுங்கள் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. குட்டி குடித்தது போக மிஞ்சியதை ஒரு போத்தலில் அளந்து, நாள் முழுவதுக்கும் அதுவே பால் என்று எழுதினீர்கள். இரவில் குட்டியைப் பிரித்து, காலை மாலை இரு வேளை கறக்கும் ஆட்டையும் இப்படிக் கறந்த ஆட்டையும் ஒரே அட்டவணையில் போட முடியாது.

அந்த மார்கழியில் ஆடுகள் எந்த நிலையில் இருந்தன என்பதையும் கவனித்திருக்க வேண்டும். மாரி மழையில் புல் குபுகுபுவென்று வந்திருந்தது. பார்ப்பவர்களுக்கு ஆட்டுக்கு நல்ல காலம் என்று தோன்றும். ஈரப்புல்லின் அடித்தண்டில்தான் புழுவின் குஞ்சுகள் ஏறி நிற்கின்றன. ஹீமோன்கஸ் என்ற புழு ஆட்டின் நாலாம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுவது. ஆடு இயல்பில் தலையை உயர்த்திக் குழை தின்னும் பிராணி. அப்படித் தின்றால் அந்தப் புழு எளிதில் வயிற்றுக்குள் போகாது. குறுகிய கயிற்றில், தன் புழுக்கை விழுந்த அதே ஈரநிலத்தில் குனிந்து மேய்ந்தால் நாளும் புழுவைத்தான் விழுங்கும். உங்கள் குழு போனபின் அக்காவின் ஆட்டுடைய கீழிமையை நான் விரலால் இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய சதை கடதாசி வெள்ளையாக இருந்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. இரத்தமே இல்லாத உடம்பில் பால் எங்கிருந்து வரும்?

புழு மருந்து தரப்பட்டது என்று நீங்கள் சொல்லலாம். தரப்பட்டது. எடை பார்க்காமல், பெரிய ஆட்டுக்கும் சிறிய ஆட்டுக்கும் ஒரே அளவு, ஒரே நாளில். ஆட்டின் உடல் பல புழு மருந்துகளைச் செம்மறியைவிட விரைவாகக் கழித்துவிடும். ஆகவே செம்மறிக்குப் போதுமான அளவு ஆட்டுக்குப் போதாமல் போவதுண்டு. குறைந்த அளவில் தப்பிய புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை அது வேலை செய்யாது. கண்ணிமையின் நிறத்தைப் பார்த்துத் தேவையான ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறை பல வெப்பமண்டல நாடுகளில் சாதாரணப் பெண்களுக்கே கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு நிற அட்டை போதும். எங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்தியரைக் குறை சொல்லவில்லை. அவர் ஒருவர், ஊர்கள் பல. அதனால்தான் அட்டையை எங்கள் கையில் தரச் சொல்கிறேன்.

கிடாய் எங்கே? ஊருக்கு ஒரு கிடாய் என்று கூட்டத்தில் உறுதி சொன்னீர்கள், இன்றுவரை வரவில்லை. அடுத்த சினைக்குச் சிலர் அந்த ஆடுகளின் சொந்தக் கிடாய்க்குட்டியையே விட்டுவிட்டார்கள். தாயையும் மகனையும் சேர்த்துப் பிறக்கும் குட்டியில் வலுவும் பாலும் குறையும். இன்னும் சிலர் கிடாயே கிடைக்காமல் ஆட்டைச் சும்மா வைத்திருக்கிறார்கள். சினைப்படாத ஆடு பால் வற்றிப் போகும், குட்டியும் இல்லை. அந்த மறிக்குட்டியைத்தான் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.

இனத்தைப் பற்றியும் ஒரு சொல். சானன் ஆடு சுவிற்சர்லாந்தின் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் உருவானது. அங்கே அது சிறந்த கறவை. அதன் வெளுத்த தோல் எங்கள் வெயிலைத் தாங்க உண்டானதல்ல. கலப்பில் அந்த இரத்தம் கூடக்கூட, நிழலும் தீனியும் அதே அளவுக்குக் கூட வேண்டும். எங்கள் நாட்டாடு சிறியது. அரை லீற்றர் கறந்தாலே பெரிது. ஆனால் கச்சானிலும் சினைப்படும், இரட்டை போடும், குறைந்த குழையில் நிற்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இந்த நாட்டிலேயே முன்னர் தேடப்பட்டது: புத்தளம் மாவட்டத்துக் கொட்டுக்கச்சியாப் பண்ணையில் நாட்டாட்டையும் ஜமுனாபாரி என்ற இந்திய ஆட்டினத்தையும் கலந்து உலர்வலயத்துக்கென்றே ஓர் இனம் உருவாக்கினார்கள். உலர்வலயத்துப் படுவான்கரைக்கு ஆடு தெரிவு செய்யும்போது அந்த அனுபவம் ஏன் மேசைக்கு வரவில்லை?

இன்னொன்றை நீங்கள் எங்களைவிட நன்றாகவே அறிவீர்கள். வடகோளத்துக் குளிர்நாடுகளில் ஆடு, பகல் குறுகத் தொடங்கும் காலத்தில் மட்டும்தான் கிடாய் தேடும். மட்டக்களப்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. இங்கே ஆடு எந்த மாதத்திலும் சினைப்படும். அதாவது குட்டி எப்போது பிறக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். ஆவணியில் கிடாய் சேர்த்தால் தையில் குட்டி. வெள்ளமும் வாடைக் குளிரும் தணிந்து, நிலம் காய்ந்து, குழையும் புல்லும் கொடியும் நிறைந்திருக்கும் காலம் அது. பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் தவிட்டின் விலையும் இறங்கும். குட்டி பிழைக்கும், தாயின் உச்சப் பால் மாசி பங்குனியில் வரும். இயற்கை எங்களுக்கு இவ்வளவு வசதி செய்து தந்திருக்க, வருட நிதியைச் செலவழித்து முடிக்க வேண்டிய திகதியைப் பார்த்து ஆடி மாதத்தில் சினை ஆட்டை இறக்கியிருக்கிறீர்கள்.

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலையொட்டி வீசிய குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஒதுங்க இடமின்றி, உடம்பில் வலுவின்றி விறைத்துச் செத்தன. அன்று எல்லோரும் கொட்டிலைப் பற்றியும் தீனியைப் பற்றியும் பேசினார்கள். அதே ஆண்டு பால்மா வாங்க வரிசையில் நின்ற தாய்மார் சிலர் சுவர் ஓரத்துப் பள்ளை ஆட்டைக் கறந்து பிள்ளைக்குத் தேநீர் கொடுத்ததையும் நான் பார்த்தேன். ஆட்டுப்பால் எங்களுக்கு ஒரு திட்டத்தின் பெயரல்ல. அது வீட்டில் இருந்தால் ஒரு பிள்ளை வெறுந்தேநீரோடு பள்ளிக்குப் போகாது. அதனால்தான் இந்தத் திட்டத்தை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. சரியாகச் செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

முதலில், பங்குனி மாதக் கடிதத்தை எழுத்து மூலம் மீளப்பெறுங்கள். "பராமரிப்புக் குறைபாடு" என்ற குறிப்பு அந்தப் பெண்களின் கோப்புகளிலிருந்து நீக்கப்பட வேண்டும். அது அங்கே இருக்கும்வரை வேறு எந்த உதவிக்கும் அவர்கள் போய் நிற்க முடியாது. செத்த ஆட்டுக்குப் பணம் கேட்பதைக் கைவிடுங்கள். மறிக்குட்டியைத் திருப்பித் தரும் கடமையை அவர்கள் மறுக்கவில்லை. கிடாய் தந்து, அடுத்த ஈற்று முடியும்வரை தவணை கொடுங்கள்.

அடுத்த கட்டத்தில், வேலிக் கதியால் துளிர்த்து வெட்டும் நிலைக்கு வந்த வளவுக்கே ஆடு போக வேண்டும். அதற்காக இந்த ஐப்பசி மழைக்கு முன்பே கிளிசறியாக் கட்டைகளையும் நடுவதற்கான கூலியையும் தாருங்கள். தண்ணீர் இல்லாத வளவென்றால், ஆட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கிணறு ஆழமாக்கவோ தொட்டி வைக்கவோ மாற்றும் அதிகாரத்தைப் பிரதேச மட்டத்திலேயே விடுங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரையும், அடைமழை மாதங்களிலும், சினையின் கடைசி இரண்டு மாதங்களிலும் ஆடு ஏற்றி இறக்குவதில்லை என்று விதியாகவே எழுதுங்கள். நிதியாண்டு அதற்கு இடம் தராவிட்டால் நிதியாண்டோடு பேச வேண்டியவர்கள் நீங்கள்தான்.

கொட்டிலுக்குக் கிடுகை அனுமதியுங்கள். உயரத்தையும், மாரிக்குத் தரையிலிருந்து எழுப்பிய பரணையும் மட்டும் நிபந்தனையாக வையுங்கள். ஊருக்கு ஒரு நல்ல கிடாய் தந்து, இரண்டு ஆண்டுக்கொரு முறை அதைப் பக்கத்து ஊரோடு மாற்றுங்கள். ஆட்டின் நெஞ்சளவைக் கொண்டு எடையைக் கணிக்கும் எடைக் கயிறும் கண்ணிமை நிற அட்டையும் சங்கத்துக்கு ஒன்று வீதம் போதும். பயன்படுத்த ஒரு நாள் கற்றுத் தாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பால் அளப்பதென்றால் குட்டி போட்ட முதல் மாதத்திலிருந்து மாதம் ஒரு முறை, முதல் நாள் மாலை குட்டியைப் பிரித்து, இரு வேளையும் அளந்து, அந்த ஆட்டின் ஈற்று எத்தனையாவது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அளந்து எழுதும் வேலையைச் சங்கத்துப் பெண்களே செய்வார்கள்.

திட்டம் வகுக்கும் கூட்டத்தில், படுவான்கரையிலும், வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலும் ஆடு வளர்க்கும் பெண்களில் இருவராவது வாக்குரிமையோடு உட்கார வேண்டும்.

ஆவணி பிறந்தால் இங்கே கிடாய் சேர்க்கும் காலம் தொடங்கிவிடும். அதற்கு முன் எழுத்து மூலமான பதிலையும், ஊருக்குத் தருவதாகச் சொன்ன கிடாயையும் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
படுவான்கரையில் ஆடு வளர்க்கும் ஒருத்தி,
எங்கள் மாதர் சங்க உறுப்பினர்களின் சம்மதத்தோடு